சேற்றுக்கும் உப்புக்கும் நடுவே ஒரு பழைய டபுள் கேப்

மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான் சந்தியிலிருந்து மேற்கே போகும் வீதி புலிபாய்ந்தகல்லைத் தாண்டி வயல்வெளிகளுக்கும் மாட்டுப் பட்டிகளுக்கும் செல்கிறது. மாரியில் குளங்கள் வான் பாயத் தொடங்கியதும் இந்த வீதியின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்துக்குள் போய்விடும். முதலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், அடுத்து ஆட்டோக்கள் நிற்கும், பிறகு உழவு இயந்திரங்கள் மட்டும் போய்வரும். வெள்ளம் இன்னும் ஏறினால் படகுதான். எங்கள் குடும்பத்து வயல் அந்தப் பக்கத்து வட்டையொன்றில் இருக்கிறது. பெரும்போகப் பயிர் பசளை கேட்கும் நேரமும் வீதி மூழ்கும் நேரமும் ஒன்றாகவே வருவதால், வாடகை உழவு இயந்திரத்துக்குக் காத்திருப்பது வருடந்தோறும் எங்கள் வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. சொந்தமாக, நான்கு சில்லுகளும் இழுக்கும் ஒரு போர் வீல் வாகனம் வேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்தது அதனால்தான்.

புதியது வாங்கும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான், அதுவும் கனத்த வரிகளோடு. அந்த இடைக்காலத்தில் நாட்டில் இருந்த பழைய வாகனங்களையே எல்லோரும் தேடியதால், முன்னர் ஒருவரும் திரும்பிப் பாராத டபுள் கேப்புகளுக்குக்கூட விலை ஏறியது. ஆனாலும் எங்கள் மாவட்டத்தில் தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்த பிறகு நிவாரண வேலைக்காக இங்கு வந்த அமைப்புகள் வெள்ளை நிற டபுள் கேப்புகளிலேயே வாகரை முதல் பொத்துவில் வரை ஓடித் திரிந்தன. அந்த வேலைகள் முடிந்தபின் விற்கப்பட்ட வாகனங்கள் பல கைகள் மாறி, இன்றும் யாரோ ஒருவரின் வளவுக்குள் நின்றுகொண்டிருக்கின்றன.

நாங்கள் வாங்கியதும் அப்படியான ஒன்றுதான்: டொயோட்டா ஹைலக்ஸ், எல்.என். 106 வகை. 1988 முதல் 1997 வரை வந்த ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்தது, 2.8 லீற்றர் த்ரீ எல் டீசல் எஞ்சின். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் உரிமையாளர் அதைக் கல்குடாப் பக்கம், கடலுக்குக் கிட்ட, ஒரு புளியமரத்தின் கீழ் நிறுத்தியிருக்கிறார். பிறகு அவர் வெளிநாடு போய்விட, வாகனம் அங்கேயே நின்றுவிட்டது. நிறுத்தி வைத்த வாகனத்தைப் பற்றி நம் ஆட்கள் பொதுவாக, "ஓடாத வாகனம், தேய்மானம் குறைவு" என்று சொல்வார்கள். கடற்கரையில் நின்ற வாகனத்துக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. ஓடும் வாகனத்தில் ஒயில் சுற்றும், சூட்டில் ஈரம் காயும், பிரேக் தேய்ந்து துரு உதிரும். நிற்கும் வாகனத்திலோ உப்புக்காற்று இரவும் பகலும் தடையில்லாமல் வேலை செய்யும்.

ஹைலக்ஸில் இந்த வகையையே நான் தேடியதற்குக் காரணம் அதன் முன்பக்கம். பின்னால் இருப்பது போலவே முன்னாலும் ஒரே துண்டான ஆக்சில், அதோடு நீண்ட லீவ் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கும்போது உடம்பை உலுக்கும் என்பது உண்மை. சொகுசு எதிர்பார்ப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஆனால் கம்பியூட்டர் இல்லை, சென்சார் இல்லை, போர் வீல் போடுவதற்குக் கையால் இழுக்கும் கியர் தடியும் முன் சில்லுகளின் நடுவில் கையால் திருப்பும் லொக்கும்தான். வயல் நடுவில் நின்றுவிட்டால், ஒரு பெட்டிச் சாவியோடு திருத்தக்கூடிய வாகனம் இது. வாழைச்சேனையிலும் மட்டக்களப்பிலும் இதைத் திருத்தத் தெரிந்த கைகள் நிறைய இருக்கின்றன என்பதும் எனக்குப் பெரிய காரணம்.

விலை பேசுமுன் ஓட்டமாவடியில் கராஜ் வைத்திருக்கும் ஒரு நானாவை அழைத்துப் போனேன். அவர் எஞ்சினைத் திறந்தே பார்க்கவில்லை. சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே கீழே படுத்து, சிறிய சுத்தியலால், வாகனத்தைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசியை முன்னாலிருந்து பின்வரைக்கும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் போடும். உள்ளுக்குள் உக்கிய இரும்பு மந்தமாகக் கேட்கும். பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்குக் கிட்ட சத்தம் மாறியது. "இந்த இடத்தில மண் நிறைஞ்சு கிடக்கு தம்பி. மண்ணுக்குப் பின்னால என்ன கிடக்கெண்டு கழுவினாத்தான் தெரியும். மற்ற இடமெல்லாம் பரவாயில்ல" என்றார். பிறகு பின் ஆக்சிலின் நடுவிலுள்ள பல்லுப் பெட்டியான டிஃபரன்ஷியலின் அடைப்பை லேசாகத் தளர்த்தினார். வடிந்தது ஒயில் இல்லை, பால் கலந்த தேநீர் நிறத்தில் ஒரு குழம்பு. "இதுக்குள்ள தண்ணி போயிருக்கு. இப்பிடியே ஓட்டினா இந்த மாரிக்கே பல்லு கொட்டும், மறுகா சாமான் தேடிக் கொழும்புக்குத்தான் ஓடணும்." விலையை அதற்கு ஏற்றபடி குறைத்துப் பேசினோம். புத்தகத்தில் உள்ள சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் அடித்திருப்பவற்றோடு ஒத்திருக்கின்றனவா, நிதிக் கம்பனி எதற்காவது ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றைப் பார்த்த பின்பே காசு கைமாறியது. எழுத்து சரியில்லாத வாகனத்தை எவ்வளவு திருத்தினாலும் அது உங்களுடையதாகாது.

வாங்கிய பின் எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. எங்கள் பகுதியில் பழைய வாகனம் வாங்குபவர்களில் பலர் முதலில் டிங்கரிங், பெயின்ட், அலோய் சில்லு என்று காசைக் கொட்டுவார்கள். பிரேக் பார்க்கும்போது கையில் காசு இருக்காது. நான் நானாவிடம் சொன்ன ஒழுங்கு வேறு: முதலில் வாகனத்தைத் தாங்குவது, பிறகு நிறுத்துவது, பிறகு திருப்புவது, அதன் பின்தான் ஓட்டுவது. வெளித்தோற்றம் கடைசி, காசு மிஞ்சினால். அவர் அதை உடனே ஏற்றுக்கொண்டார்.

சேசிக்குள் இருந்த மண்ணை எடுப்பதே பெரிய வேலையாக இருந்தது. பெட்டி போல மூடிய சேசிக்குத் தண்ணீர் வடிவதற்கென்று அடியில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவை அடைபட்டால் உள்ளே சேரும் சேறு ஒருபோதும் காய்வதில்லை. இரும்பு உள்ளிருந்து வெளியே உக்குகிறது, வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். கம்பி விட்டுக் குத்தி, தண்ணீரை அமுக்கத்தில் அடித்து, வடியும் தண்ணீர் தெளியும் வரை கழுவினோம். கழுவிய பிறகு பின் ஸ்பிரிங் இருக்கைக்கு முன்னால் விரல் நுழையும் ஓட்டை இருந்தது. உக்கிய பகுதியை நல்ல இரும்பு வரும் வரைக்கும் வெட்டி எடுத்து, ஒரே தடிப்புள்ள தகட்டை வைத்து வெல்டிங் செய்தோம். அதன்மேல் வைத்த பட்டையின் ஓரங்களை நேர்க்குத்தாக வெட்டாமல் சரிவாக வெட்டச் சொன்னேன். சேசிக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் இழுத்தால், பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே வெடிப்பு ஓடும். சரிவான ஓரம் அந்தப் பாரத்தைப் பரவ விடும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பொஸ்போரிக் அமிலம் கலந்த திரவம் பூசி, துத்தநாகம் அதிகமுள்ள பிறைமரை அடித்து, சேசியின் உள்ளே மெழுகு கலந்த ஒயிலைக் குழாய் விட்டுப் பீச்சினோம். பாவித்த எஞ்சின் ஒயிலை அடிப்பது இங்கே வழக்கம். அது மலிவு என்பது சரிதான், ஆனால் றப்பரைக் கெடுக்கும், முதல் மழையிலேயே கழுவுப்பட்டு வயல் வாய்க்காலில் கலக்கும். அதை நான் விரும்பவில்லை.

பிரேக்கில் எதையும் மிச்சம் பார்க்கவில்லை. பின் ட்ரம்களைக் கழற்ற முடியாத அளவுக்குத் துரு பிடித்திருந்தது. ஹான்ட் பிரேக் கம்பி பின் சில்லின் தட்டில் ஒரு சிறிய முழங்கைத் தடியை இழுத்துத்தான் வேலை செய்யும். கடலோர வாகனங்களில் அந்தத் தடி இறுகிப்போவது இந்த வகை ஹைலக்ஸின் தெரிந்த நோய். இறுகினால் ஹான்ட் பிரேக் பிடிக்காமல் போகும், அல்லது பிடித்தபடியே நின்றுவிடும். இரு பக்கத் தடிகளையும் கழற்றி, ஊசியைத் தேய்த்து, கிறீஸ் வைத்து, புதிய றப்பர் உறை போட்டோம். பின் ஆக்சிலிலிருந்து மேலே போகும் ஒரு கம்பி, பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வோடு இணைந்திருக்கிறது. அதுவும் அசையாமல் இறுகிக் கிடந்தது. பலர் இதை அகற்றிவிட்டுக் குழாயை நேரே இணைத்துவிடுகிறார்கள். வெறும் பெட்டியோடு ஈர வீதியில் திடீரெனப் பிரேக் பிடித்தால் பின் சில்லுகள் பூட்டிக்கொண்டு வாகனம் சுழல்வதற்கு அது வழி செய்யும். எனவே வால்வை அகற்றவிடாமல், வேலை செய்யும் ஒன்றைத் தேடிப் போட்டோம். இரும்புக் குழாய்கள், றப்பர்க் குழாய்கள், சிலிண்டர்களின் வோஷர்கள் எல்லாம் புதிது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. வருடக்கணக்காக நின்ற வாகனத்தின் ஒயிலில் அந்த ஈரமே சிலிண்டர்களை உள்ளிருந்து அரிக்கும்.

அதிகம் நேரம் எடுத்ததும், நான் அதிகம் கற்றதும் முன் ஆக்சிலில்தான். ஒரே துண்டான முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் உள்ளே வெற்றான உருக்குக் கோளம் ஒன்று இருக்கும். சில்லு திரும்பிக்கொண்டே சுழலுவதற்கான மூட்டு அதற்குள், தடித்த கறுப்புக் கிறீஸில் புதைந்து கிடக்கும். கோளத்தின் உட்புறம் ஒரு ஒயில் சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் டிஃபரன்ஷியலின் மெல்லிய ஒயில் கோளத்துக்குள் வந்து கிறீஸைக் கரைத்துவிடும்; அந்தக் கரைசல் வெளியே வடிந்து சில்லிலும் பிரேக்கிலும் பூசும். எங்களுடையதில் அது மட்டுமல்ல, வெளிப்புறம் கோளத்தைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டிய கம்பளி வளையமும் உக்கிப்போயிருந்ததால் மணல் உள்ளே போயிருந்தது. இரண்டு பக்கத்தையும் முழுதாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவினோம். மூட்டுகள் தப்பியிருந்தன. மேலும் கீழும் சில்லைத் தாங்கும் பெயரிங்குகள் தப்பவில்லை. அவற்றின் தடத்தில் உருளைகள் குத்திய பள்ளங்கள் விரலுக்குத் தெரிந்தன. இந்த வகை ஆக்சிலில் ஸ்டியரிங் ஒரு வேகத்தில் உதறத் தொடங்கினால் இந்தப் பள்ளங்களும் அதற்குக் காரணமாக இருக்கலாம். அப்போது ரயரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

புதிய பெயரிங்குகளைப் போடும்போது அவற்றின் இறுக்கத்தை மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். அந்த இறுக்கத்தை அளப்பதற்கு ஸ்டியரிங் கம்பியைக் கழற்றிவிட்டு, சில்லின் கையை ஒரு ஸ்பிரிங் தராசால் இழுத்து, அசையத் தொடங்கும் கணத்தில் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கராஜில் அந்தத் தராசு இருக்கவில்லை. நானா பக்கத்து மீன் கடையிலிருந்து தொங்குதராசை வாங்கிவந்து, கையேட்டில் குறித்திருந்த அளவு வரும் வரைக்கும் தகடுகளை மாற்றி மாற்றி இழுத்தார். கைப்பழக்கத்தாலேயே இறுக்கத்தைச் சொல்லிவிடக்கூடிய மனிதர் அவர். இருந்தும் அளந்துதான் மூடினார். அந்த நேர்மைக்காகவே எங்கள் பகுதிக்கு வெளியே வாகனத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

டிஃபரன்ஷியலுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை வயல் பக்கம் வாகனம் ஓட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பலர் நினைப்பது போல, வெள்ளத்தில் ஓடினால் நல்ல சீல் வழியாகத் தண்ணீர் தானாகவே ஊறுவதில்லை. நீண்ட தூரம் ஓடிய ஆக்சில் சூடாகியிருக்கும், உள்ளே உள்ள காற்றும் விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த வெள்ளத்தில் இறக்கினால் உள்காற்று சட்டெனச் சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். ஆக்சிலின் மேல் மூச்சுவிடுவதற்கென்று ஒரு சிறிய மூடி இருக்கிறது. அது சேற்றால் அடைபட்டிருந்தாலோ தண்ணீருக்குக் கீழே இருந்தாலோ, அதன் வழியாகவோ சீல் வழியாகவோ இழுபடுவது தண்ணீர்தான். அந்த மூடிக்குப் பதிலாக ஒரு குழாய்முனையைப் பூட்டி, ஒயில் தாங்கும் றப்பர்க் குழாயை இணைத்து, அதன் மறுமுனையை வெள்ளம் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் போதும். முன் ஆக்சிலின் குழாயை எஞ்சின் அறையின் மேல்மூலைக்கும், பின் ஆக்சிலின் குழாயைப் பெட்டியின் மேல்விளிம்புக்கு உட்புறமாகவும் கட்டினோம். கியர் பெட்டிக்கும் அப்படியே. முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதுதான், இந்த மாவட்டத்தில் மிக அதிகம் பயன்தருவதும் இதுதான். பால் நிறக் குழம்பை இறக்கி, டீசல் விட்டுக் கழுவி, புதிய ஒயில் ஊற்றிக் கொஞ்சத் தூரம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினோம். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல். 5 தரத்து 90 ஒயில். கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருப்பதால் அதற்கு ஜி.எல். 4.

எஞ்சின் விடயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் த்ரீ எல் எஞ்சின் பொறுமையானது. வருடக்கணக்கில் நின்ற எஞ்சினை உடனே பற்றரி பூட்டிச் சுழற்றக்கூடாது என்பதில் நானா பிடிவாதமாக இருந்தார். குளோ பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் நீண்ட சாவியால் கையாலேயே சுழற்றிப் பார்த்தார். தடையில்லாமல் சுழன்றது. டீசல் தாங்கியைக் கழற்றியபோது உள்ளே அடியில் கரும்பாசி போன்ற ஒரு வழுவழுப்பு இருந்தது. ஈரம் சேர்ந்த பழைய டீசலில் நுண்ணுயிர்கள் வளர்வதால் உண்டாவது அது. தாங்கியையும் குழாய்களையும் கழுவி, பில்டரை மாற்றி, பில்டருக்குக் கீழே தண்ணீர் பிரியும் கிண்ணத்தைச் சுத்தம் செய்தோம். டைமிங் பெல்டை, மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றுவது என்று தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தேன். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று முகப்பில் ஒரு விளக்கே எரிந்து நினைவூட்டும். ஆனால் பெல்ட் றப்பர் என்பதால் ஓடாமலே கிழடாகும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், அதற்குப் பிறகு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

சூடு தணிக்கும் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பழைய டீசல் வாகனங்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பொது வழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தேவையான சூட்டை எட்டாது. டீசல் சரியாக எரியாமல் புகைக்கும், சிலிண்டர்கள் வேகமாகத் தேயும். சூடேறுகிறது என்றால் குற்றம் வேறெங்கோ, பெரும்பாலும் அடைபட்ட ரேடியேட்டரில்தான். ரேடியேட்டரைக் கழற்றி, மேல்கீழ்த் தொட்டிகளைத் திறந்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்வித்து, புதிய தெர்மோஸ்டாட் போட்டோம். கிணற்றுத் தண்ணீர் ஊற்றவில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழும் எங்கள் கிணறுகள் பலவற்றில் உப்பு இருக்கிறது. அது எஞ்சினுக்குள் என்ன செய்யும் என்பதைக் குழாய்களில் படிந்திருந்த வெள்ளைப் படலம் காட்டியது. கூலன்டும் வடித்த தண்ணீரும்தான்.

சாமான்கள் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தன. சீல், பெயரிங், டைமிங் பெல்ட், பிரேக் சாமான்கள் எல்லாம் அசல் அல்லது பேர்போன ஜப்பானியத் தயாரிப்பு. கதவுப் பிடி, விளக்கு, கண்ணாடி போன்றவை பாவித்தவையாகவோ மலிவானவையாகவோ இருக்கலாம் என்று பிரித்து வைத்தேன். வயரிங்கில் பச்சை படிந்த முனைகளை வெட்டிப் புதிதாக முடிந்ததோடு வேலை முடிந்தது. ரயர்கள் பார்வைக்குப் பூ நிறைய இருந்தும் மாற்றினோம். ரயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். 3512 என்றால் 2012ஆம் ஆண்டின் 35ஆம் கிழமை. எங்களுடையவை அவ்வளவு பழையவை, பக்கச்சுவர் முழுக்க வெடிப்பு.

பாவிக்கும் முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை வாகனங்கள் பல தவறான பாவனையால்தான் கெடுகின்றன. இதில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. போர் வீலைப் போட்டால் இரண்டு ஆக்சில்களும் ஒரே கணக்கில் சுழலும். ஆனால் வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட அதிக தூரம் போகின்றன. சேற்றில் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் வீதியில் வழுக்க முடியாது, முறுக்கு முழுவதும் கியருக்குள்ளும் மூட்டுகளுக்குள்ளும் ஏறும். எனவே கிரான் வீதியில் தார் முடியும் வரை போர் வீல் போடுவதில்லை. வெள்ளத்துக்கு முன்பே, காய்ந்த தரையில் நிறுத்தி, முன் சில்லு லொக்குகளைத் திருப்பிவிடுவோம். தண்ணீருக்குள் நின்றபின் இறங்கித் திருப்புவது இயலாத காரியம். தண்ணீர் சில்லின் நடுவுக்கு மேல் போனால் திரும்பிவிடுவது என்பதும் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒழுங்கு. டீசல் எஞ்சின் ஒரு மிடறு தண்ணீரை உறிஞ்சினால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும்; பசளை மூடைகளோ ஒரு நாள் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை.

பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. வலப்பக்கக் கதவில் பழைய அமைப்பின் ஒட்டுத்தாள் இருந்த இடம் நிழல் போலத் தெரிகிறது, பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். வாகனம் இரவில் நிற்பது கல்லடியில், கடலும் வாவியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு தெருவில். அதனால் மேலே பூசுவதைவிட, வயலுக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுவதும், ட்ரம்களைத் திறந்து சேறு எடுப்பதும் முக்கியம் என்று வைத்திருக்கிறோம். இந்த வேலையை மகன் செய்கிறான். சேசியின் வடிகால் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பெரும்போக அறுவடை முடிந்த பிறகு நானாவின் கராஜில் இரண்டு டிஃபரன்ஷியல்களின் ஒயிலையும் இறக்கிப் பார்த்தோம். இரண்டும் தெளிவாக இருந்தன. காந்த அடைப்பில் மெல்லிய கரும்பொடி மட்டும். முன் லீவ் ஸ்பிரிங்கின் புஷ்கள் தேய்ந்திருக்கின்றன, இடப்பக்க ஷொக் அப்சோர்பர் வடிகிறது. இரண்டுக்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்திருக்கிறது; அடுத்த விதைப்புக்கு முன் மாற்றிவிட வேண்டும்.